சிமெண்டுக்கு வந்த கிருமியும் எரிமலைச் சாம்பலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டிருந்த விஷயம் இது. தீசிஸ் வேலைக்கு நடுவுல இப்பத்தான் நேரம் கிடைச்சது. கான்கிரீட் பத்தியான்னு பாதி பேர் இங்கேயே கிளம்பிடுவீங்க, தெரியும் :-) கொஞ்சம் பொறுங்க. இதுல எரிமலை இருக்கு, காலரா இருக்கு, ஒரு சங்கத்துக்குள்ள நடந்த சண்டை இருக்கு, கடைசியில நம்ம பென்னிகுயிக்கும் வர்றார்.

எங்க ஊர் கடலோர ஊர். அங்க வளர்ந்தவங்களுக்கு ஒரு காட்சி மனசுல பதிஞ்சிருக்கும். வீடு கட்டி இருபது வருஷம் கூட ஆகியிருக்காது, மேல பார்த்தா கூரையில காரை பெயர்ந்து கம்பி துருப்பிடிச்சுத் தொங்கும். கீழ பாய் போட்டுப் படுக்க பயமா இருக்கும். கொத்தனாரா இருக்கிற எங்க பெரியப்பா அதைப் பார்த்துட்டு, "கடக்காத்து கம்பியத் தின்னுடும் தம்பி"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவார். அந்த ஒரு வரிக்கு விளக்கம் தேடித்தான் ஜெர்மனி வரைக்கும் வந்து மாஸ்டர்ஸ் படிக்கிறேன்னு சொன்னா வீட்டுல சிரிக்கிறாங்க.

இங்க வந்து முதல் செமஸ்டர்லயே ஒரு பெயர் காதுல விழுந்தது: எட்ரிங்கைட். சிமெண்ட் படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச பெயர்தான். சல்பேட்டும் சிமெண்டில் இருக்கும் அலுமினேட்டும் தண்ணியோட சேர்ந்தா உருவாகும் படிகம் அது. ஊசி ஊசியா இருக்கும், ஒரு மூலக்கூறுக்குள்ள 32 தண்ணீர் மூலக்கூறுகளை இழுத்து வச்சிக்கும். சிமெண்ட் கலந்த முதல் சில மணி நேரத்துல உருவானா நல்ல பிள்ளை. இறுகிப்போன கான்கிரீட்டுக்குள்ள, வருஷக் கணக்கு கழிச்சு, வெளியிலிருந்து வந்த சல்பேட்டால உருவானா இடம் பத்தாம உப்பி கான்கிரீட்டையே பிளந்துடும். நான் கேள்வியே கேட்காம இருந்தது அந்தப் பெயரைப் பத்தித்தான். ஏதோ விஞ்ஞானி பேரா இருக்கும்னு விட்டுட்டேன். பார்த்தா அது ஊர் பேர். மாயன் என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்துல, ஐஃபல் மலைப்பகுதியில எட்ரிங்கன்னு ஒரு கிராமம். அங்க பெல்லர்பெர்க் என்ற அணைஞ்ச எரிமலையில 1874ல் லேமன் என்பவர் இந்தக் கனிமத்தை இயற்கையிலேயே கண்டுபிடிச்சு ஊர் பேரையே வச்சிட்டார். அப்போ இதுக்கும் சிமெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை டாய்ச்லாண்ட் டிக்கெட்டை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போனேன். ஊரில் பெருசா ஒண்ணும் இல்லை, கல் குவாரிகள், சர்ச், வயல். ஆனா மேப்பைப் பார்த்தப்போதான் பொறி தட்டுச்சு. எட்ரிங்கனில் இருந்து பத்து கிலோமீட்டருக்குள்ளேயே லாஹர் ஏரி இருக்கு. அதுவும் எரிமலை வாய்தான். சுமார் 13,000 வருஷத்துக்கு முன்னாடி வெடிச்சுச் சிதறி, சுத்துப்பட்டு பள்ளத்தாக்கு முழுக்கச் சாம்பலைக் கொட்டிட்டு ஓய்ஞ்சது. அந்தச் சாம்பல் இறுகிய மென்மையான பாறையைப் பொடிச்சா வருவதுதான் ட்ராஸ். கடலில் கான்கிரீட்டை இந்த நோயிலிருந்து காப்பாத்த முதன்முதலில் கை கொடுத்த மருந்து. நோயோட பேரும் மருந்தும் ஒரே தாலுக்காவிலிருந்து!

ட்ராஸ் எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். சாதாரண சுண்ணாம்புச் சாந்து காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் இறுகும், தண்ணிக்கடியில இறுகாது. எரிமலைச் சாம்பலில் கண்ணாடி மாதிரி ஒழுங்கில்லாத சிலிக்காவும் அலுமினாவும் இருக்கும். அது சுண்ணாம்போட வினை புரிஞ்சு தண்ணிக்குள்ளேயே கல்லாகும். ரோமானியர்களுக்கு இது நல்லா தெரியும். நேப்பிள்ஸ் பக்கத்து சாம்பலைத் துறைமுகம் கட்டப் பயன்படுத்தச் சொல்லி விட்ருவியஸ் எழுதியே வச்சிருக்கார். ரைன் கரைக்கு வந்த ரோமானியர்கள் ஆண்டர்நாக் பக்கத்துல இந்தப் பாறையைச் சுரங்கம் வெட்டி எடுத்தாங்க. க்ரெட்ஸ் என்ற ஊரில் அந்தச் சுரங்கம் இப்போ மியூசியமா இருக்கு, நிழலா, குளுகுளுன்னு, உளித் தடத்தோட. பிறகு பல நூற்றாண்டு இதை ரைன் நதி வழியா வாங்கிப் பொடி செய்து வித்தவங்க டச்சுக்காரங்க. கடலோட மல்லுக்கட்டுற தேசத்துக்கு வேற வழி? அதனால இங்கிலாந்தில் இதுக்கு 'டச்சு டாரஸ்'னே பேர். ஜெர்மன் சரக்கு, டச்சு லேபிள். 1756ல் எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்ட ஆரம்பிச்ச ஸ்மீட்டன் இந்த டாரஸையும் சோதிச்சுப் பார்த்துட்டு, கடைசியில இத்தாலிச் சாம்பலைத் தேர்ந்தெடுத்தார்.

இங்க ஒரு சின்ன புலம்பல். "ரோமானியர் கான்கிரீட் 2000 வருஷம் நிக்குது, இன்னைக்கு எஞ்சினியர்கள் கட்டுறது இருபது வருஷம் கூட நிக்கலை"ன்னு மாசத்துக்கு ஒரு வாட்ஸப் வருது. பாதி உண்மை. 2017ல் மேரி ஜாக்சன் குழு காட்டினபடி, கடல் நீர் அந்தக் கான்கிரீட்டுக்குள்ள ஊடுருவி எரிமலைச் சாம்பலைக் கரைச்சு, டோபர்மோரைட் மாதிரி புதுப் படிகங்களை வளர்க்குது. உண்மையிலேயே அருமையான விஷயம். ஆனா அதுக்குள்ள ஒரு கம்பி கூட கிடையாது அண்ணாச்சி! கம்பி இல்லாத கனமான சுவரையும், கம்பியை நம்பி நிக்கிற மெலிசான தூணையும் ஒப்பிட்டா எப்படி? கடுக்காயும் வெல்லமும் போட்ட நம்ம ஊர் சாந்துக்கும் இதே பதில்தான்.

சரி, கதைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்ட்லாண்ட் சிமெண்ட் வந்ததும் ட்ராஸுக்கு மவுசு குறைஞ்சது. போர்ட்லாண்டுக்குச் சாம்பலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், தானே தண்ணியில இறுகும், சீக்கிரம் இறுகும். ஜெர்மன் சிமெண்ட் ஆலைகள் 1877ல் சங்கம் வச்சாங்க. 1878ல் பிரஷ்யாவில் சிமெண்டுக்கான முதல் தரவிதி வந்துடுச்சு. துறைமுகம், மதகு, கால்வாய்னு எல்லாத்திலும் போர்ட்லாண்ட். அப்புறம்தான் வம்பு ஆரம்பம். ஐரோப்பாவில் பல கடல் கட்டுமானங்களில் சாந்து மெதுவா உப்பி, வெடிச்சு, சேறு மாதிரி ஆக ஆரம்பிச்சது.

இந்த இடத்தில்தான் வில்ஹெல்ம் மிஹாயேலிஸ் வர்றார் (1840-1911). பெர்லினில் சோதனைக்கூடம் வச்சிருந்த வேதியியலாளர். சிமெண்ட் இறுகுவது படிகங்களால் மட்டும் இல்லை, பசை மாதிரியான கூழ்மத்தால்னு வாதாடினவர். அதுக்காக பிரான்ஸின் லெ ஷாட்லியே பக்கத்தோட பெரிய தகராறே நடந்தது. இன்னைக்குப் பார்த்தா ரெண்டு பேர் பக்கத்திலும் விஷயம் இருந்திருக்கு. மணலையும் சுண்ணாம்பையும் நீராவி அழுத்தத்தில் வேகவச்சுச் செங்கல் செய்யுற முறைக்கு 1880ல் காப்புரிமை வாங்கினவரும் இவர்தான். இன்னைக்கு ஜெர்மனியில் பாதி சுவர் அந்த வெள்ளைக் கல்லில்தான் நிக்குது போல, எந்தக் கட்டட வேலையைத் தாண்டிப் போனாலும் அதுதான் கண்ணில் படுது.

உப்பின சிமெண்டுக்குள்ள இருந்த ஊசிப் படிகங்களைப் பத்தி பிரான்ஸில் கான்ட்லோ 1890ல் எழுதினார். மிஹாயேலிஸ் 1892ல் அதுக்கு வச்ச பேர்தான் நிலைச்சது: 'சிமெண்ட் பேசில்லஸ்', அதாவது சிமெண்ட் கிருமி. மைக்ராஸ்கோப்பில் குச்சி குச்சியா தெரியும், உள்ளுக்குள்ள பெருகிக் கொல்லும். பேர் ஒட்டிக்கிட்டதுல ஆச்சரியமே இல்லை. ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவிச்சது 1882ல், அதே பெர்லினில். 1892 கோடையில் ஹாம்பர்க்கில் காலரா வந்து எட்டாயிரத்துக்கும் மேல் ஜனங்க செத்தாங்க. கிருமின்னு சொன்னா அந்த வருஷத்துல யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. இது உயிரில்லாத கிருமி, அவ்வளவுதான்.

மிஹாயேலிஸ் சொன்ன வைத்தியம்தான் சங்கத்துக்குக் கசந்தது. போர்ட்லாண்ட் சிமெண்ட் இறுகும்போது நிறைய சுண்ணாம்பை வெளியே விடுது. அந்தச் சுண்ணாம்புதான் கடலில் பலவீனமான இடம். ட்ராஸ் மாதிரி சிலிக்கா உள்ள பொடியைச் சேர்த்து அதைக் கட்டிப்போடுங்கன்னார். ஆனா சங்கமோ அப்போ கலப்படத்தை எதிர்த்துப் போராடிக்கிட்டு இருந்தது. போர்ட்லாண்ட்ங்கிற பேரில் கண்டதையும் கலந்து விக்கிறாங்கன்னு 1885ல் உறுப்பினர்களிடம் உறுதிமொழியே வாங்கினாங்க. கலப்பே கூடாதுன்னு ஒரு பக்கம், கலந்தால்தான் பிழைக்கும்னு இன்னொரு பக்கம். எனக்கு ரெண்டு தரப்பும் புரியுது. வாங்குறவனுக்கு மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? சங்கத்தோட பயம் வெறும் வியாபாரம் இல்லை. ஆனா 'சுத்தம்'ங்கிற வார்த்தை ஒரு தடவை உள்ளே வந்துட்டா அப்புறம் பேச்சே நடக்காது, பாருங்க.

விஷயத்தைக் கடலிடமே கேட்டுடலாம்னு முடிவாச்சு. 1890களின் நடுவில் வட கடலில் இருக்கும் சில்ட் தீவில் சோதனைக் கட்டைகளை வச்சாங்க. ட்ராஸ் போட்டது, போடாதது, சிமெண்ட் அதிகம், குறைவுன்னு விதவிதமா. வருஷக் கணக்கா அலையில் விட்டுப் பார்த்ததில் வந்த பதில் ரெண்டு கட்சிக்கும் முழு வெற்றி இல்லை. நெருக்கமா, துளை இல்லாம செய்த கலவை எதுவா இருந்தாலும் தாங்குச்சு. சிமெண்ட் குறைவான கலவைகளுக்கு ட்ராஸ் நல்லா உதவுச்சு. என்ன சிமெண்ட்ங்கிறதை விட தண்ணி உள்ளே போகுதா இல்லையாங்கிறதுதான் முக்கியம். இதைப் படிச்சப்போ பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. "தண்ணிய அள்ளி ஊத்தாதடா"ன்னு சித்தாளைத் திட்டிக்கிட்டே இருப்பார்.

இதே காலத்துல இன்னொரு பொடி பின்வாசல் வழியா உள்ளே வந்துக்கிட்டிருந்தது. இரும்பு உருக்கும் ஊதுலையில் மிஞ்சும் கசடு. 1862ல் ட்ரோய்ஸ்டார்ஃபில் எமில் லாங்கன் ஒண்ணு கவனிச்சார். உருகின கசடைச் சட்டுனு தண்ணியில கொட்டிக் குளிர வச்சா மணல் மாதிரி கண்ணாடித் துகள் ஆகுது, அதோட சுண்ணாம்பு சேர்த்தா சிமெண்ட் மாதிரி இறுகுது. குப்பையா மலைமலையா கிடந்தது சரக்காயிடுச்சு. போர்ட்லாண்ட் சங்கம் இதையும் சேர்த்துக்கலை. அதனால கசடு சிமெண்ட்காரங்க 1901ல் தனிச் சங்கம் வச்சாங்க (ரெண்டு பேர் இருந்தா மூணு சங்கம்கிறது நம்ம ஊரு மட்டும் இல்லை!). சோதனை மேல சோதனை நடந்து, கசடு குறைவா இருக்கும் 'இரும்பு போர்ட்லாண்ட்' சிமெண்டுக்கு 1909ல் தரவிதி கிடைச்சது. கசடு அதிகமா இருக்கும் ஊதுலை சிமெண்டுக்கு 1917ல். 1917ங்கிறதைக் கவனிங்க, முதல் உலகப் போரின் நடுவில்.

கப்பல் போக்குவரத்துக்காக வட கடலையும் பால்டிக் கடலையும் இணைக்கும் கீல் கால்வாய் வேலை 1887ல் தொடங்கி 1895ல் முடிஞ்சது. 1887, 1895. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? முல்லைப் பெரியாறு அணை! பென்னிகுயிக் அங்க ஆரம்பிச்சதும் முடிச்சதும் அதே வருஷங்கள். கீல் கால்வாயின் பெரிய மதகுகள் திறந்தது 1914 ஜூனில், நம்ம பழைய பாம்பன் பாலம் அதே 1914 பிப்ரவரியில். இதில் மர்மம் ஒண்ணும் இல்லை, ஆனா அணையில் போட்ட சாந்து என்னன்னு பாருங்க: சுண்ணாம்பும் சுர்க்கியும். சுர்க்கின்னா சுட்ட செங்கல் பொடி. சுட்ட களிமண்ணும் எரிமலைச் சாம்பல் செய்யுற அதே வேலையைத்தான் செய்யுது. ஐஃபல் மலையிலிருந்து கொலோன் நகரத்துக்குத் தண்ணி கொண்டு போன ரோமானியக் கால்வாயின் உள்பூச்சும் அதே செங்கல் பொடி போட்ட சாந்துதான், இன்னும் இளஞ்சிவப்பா தெரியும்.

இருபதாம் நூற்றாண்டில் நோயே மாறிப்போச்சு. கான்கிரீட்டுக்குள்ள கம்பி வந்தது. பேசில்லஸைப் பத்திக் கவலைப்பட்டவங்க, அதைவிட மோசமான எதிரி உப்பில் இருக்கும் குளோரைடுன்னு மெதுவா புரிஞ்சுக்கிட்டாங்க. கடல் நீரில் குளோரைடும் சேர்ந்து இருப்பதால், சல்பேட் மட்டும் இருக்கும் மண் நீரில் வர்ற அளவுக்கு உப்பல் கடலில் வர்றதில்லைங்கிறதும் தெரிஞ்சது. நல்ல கான்கிரீட்டுக்குள்ள காரத்தன்மை அதிகம், அதனால கம்பி மேல ஒரு மெல்லிய காப்புப் படலம் இருக்கும். குளோரைடு கம்பி வரைக்கும் போய்ச் சேர்ந்தா அந்தப் படலத்தைத் துளைச்சிடும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் எடுக்கும், காரை பெயர்ந்து விழும். எங்க ஊர் கூரை!

வேடிக்கை என்னன்னா, பேசில்லஸுக்குத் தீனி போடுதுன்னு திட்டு வாங்கின அதே அலுமினேட், குளோரைடில் கொஞ்சத்தைப் பிடிச்சுக் கட்டி வைக்கவும் செய்யுது. ஒரு நோய்க்குப் பத்தியம் இருந்தா இன்னொண்ணு வளருது. இதுல ரெண்டுக்கும் சேர்த்து நல்ல பதில் கொடுக்கிறது அந்தப் பழைய குப்பைதான், ஊதுலைக் கசடு. அது போட்ட கான்கிரீட்டில் துளைகள் ரொம்ப நுணுக்கமா ஆகுறதால, குளோரைடு நகரும் வேகம் பல மடங்கு குறையும். பக்கத்து நெதர்லாந்தில் 1986ல் முடிஞ்ச ஊஸ்டர்ஸ்கெல்டே புயல் தடுப்பை ஊதுலை சிமெண்டில்தான் கட்டினாங்க. குறையும் உண்டு. ஆரம்பத்தில் மெதுவாத்தான் இறுகும், நல்லா நீராத்தணும், உறைபனியும் உப்பும் சேர்ந்தா மேல்தோல் உரியும். பனி விழுற வட கடலில் இது சின்ன விஷயம் இல்லை, நம்ம கடலுக்கு அந்தக் கவலை கிடையாது. இன்னைய ஜெர்மன் விதிப்படி அலை ஏறி இறங்கும் பகுதிக்கு சிமெண்ட் எடையில் தண்ணி 0.45 பங்குக்கு மேல் போகக்கூடாது, கம்பிக்கு மேல் 55 மில்லிமீட்டர் மூடு கான்கிரீட் வேணும். எங்க தெருவில் பெயர்ந்த கூரைகளில் அது ரெண்டு விரல் கனம் கூட இருந்ததில்லை.

சில்ட் தீவுக்கு அப்புறம் 1960களில் வேற ஒரு கான்கிரீட் போச்சு. நாலு கால் டெட்ராபாட், ஒண்ணு ஆறு டன். கரை அரிப்பைத் தடுக்கப் போட்டாங்க. கான்கிரீட் தாங்குச்சு, ஆனா கடற்கரை தாங்கலை. மணல் அதுக்கடியிலும் பக்கத்திலும் போய்க்கிட்டே இருந்தது. 1972லிருந்து கடலடியில் மணலை எடுத்துக் கரையில் கொட்டுற வழிக்கு வந்துட்டாங்க, இன்னமும் கொட்டுறாங்க. புதுச்சேரிக்காரங்களுக்கும் வடசென்னைக்காரங்களுக்கும் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டாம்.

இப்போ என்ன சிக்கல்? ஒரு டன் கிளிங்கர் செய்தா முக்கால் டன்னுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகுது, அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் இல்லை, சுண்ணாம்புக் கல்லில் இருந்தே வர்றது. அதனால கிளிங்கரைக் குறைச்சுப் பொடி கலக்குறதுதான் இன்னைக்கு எல்லாரும் சொல்ற வழி. 1885ல் எதுக்கு எதிரா உறுதிமொழி வாங்கினாங்களோ அதையே இன்னைக்கு வேண்டிக் கேட்கிறாங்க. மிஹாயேலிஸ் இருந்திருந்தா சிரிச்சிருப்பார். ஆனா பொடிக்கு எங்க போறது? ஜெர்மனி 2038க்குள்ள நிலக்கரி மின்சாரத்தை நிறுத்தணும்னு சட்டம் போட்டிருக்கு, அப்போ சாம்பல் வராது. எஃகு ஆலைகள் ஊதுலையை விட்டு ஹைட்ரஜனுக்குப் போகப் போக, அந்தக் கண்ணாடிக் கசடும் குறையும். ஒரு பக்கம் சுத்தமானா இன்னொரு பக்கம் பொடி தீர்ந்துபோகுது. எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பல் கொட்டிக் கெட்டுப்போனதைப் பார்த்த எனக்கு, இங்க வகுப்பில் சாம்பல் பத்தலையேன்னு கவலைப்படுறதைக் கேட்டா தலை சுத்துது.

அதனால எல்லாரும் இப்போ களிமண் பக்கம் திரும்பியிருக்காங்க. சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் பொடியையும் சேர்த்து, கிளிங்கரைப் பாதியாக் குறைக்கும் சிமெண்ட். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் கேரன் ஸ்க்ரிவனர் குழுவோட சேர்ந்து, நம்ம சென்னை ஐஐடியும் டெல்லி ஐஐடியும் இதில் நிறைய வேலை செஞ்சிருக்காங்க. குளோரைடை நிறுத்துறதுல சோதனை முடிவுகள் ரொம்ப நல்லா இருக்கு. என் கைடு இதை விளக்கினப்போ நான் "சுர்க்கி"ன்னு சொன்னேன், அவருக்குப் புரியலை. பென்னிகுயிக் கதையைச் சொன்னதும் நோட்டில் எழுதிக்கிட்டார்.

என் தீசிஸும் இதுதான். உருளைக் கட்டையை உப்புத் தண்ணியில வச்சு, மின்னழுத்தம் கொடுத்துக் குளோரைடை உள்ளே இழுப்பேன். அடுத்த நாள் கட்டையைப் பிளந்து வெள்ளி நைட்ரேட் தெளிச்சா, குளோரைடு போன ஆழம் வரைக்கும் வெள்ளையா தெரியும். ஸ்கேல் வச்சு அளந்து, அதை வச்சு நூறு வருஷத்துக்குக் கணக்குப் போடணும். சில்ட் தீவில் அலைக்குள்ள விட்டு வருஷக் கணக்கா காத்திருந்தாங்க. எனக்கு ஒரு கட்டைக்கு ஒரு நாள். நேத்து பிளந்ததில் களிமண் கட்டையில் நாலு மில்லிமீட்டர், வெறும் போர்ட்லாண்ட் கட்டையில் இருபத்தொண்ணு. பெரியப்பாவுக்குப் போட்டோ அனுப்பினேன். "நல்லா நீராத்துனியா?"ன்னு மட்டும் கேட்டிருக்கார்.